கிணத்துத் தண்ணியும் போனில் வரும் செய்தியும்

(நமது தோட்டங்களிலிருந்து நீர்வேலிக்குப் பயணம் சென்ற குடும்பங்கள் முன்னிலையில், அங்குள்ள சனசமூக நிலையத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)

இடம் தந்து, தேத்தண்ணியும் தந்து நம்மை வரவேற்ற நீர்வேலிப் பெரியோர்களே, மலையிலிருந்து நம்மோடு பஸ் ஏறி வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

இரவு முழுக்க பஸ்ஸில் தூங்காமல் வந்த களைப்பு எல்லாருடைய முகத்திலும் தெரிகிறது. ஆகையால் நாங்கள் நீட்டிப் பேசப் போவதில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில் பார்த்த இரண்டு விஷயங்களை வைத்து, நம்ம லயத்திலே தினமும் நடக்கிற ஒரு விஷயத்தைப் பேச வேண்டும் என்று நினைத்தோம்.

காலையில் செம்மண் வாழைத் தோட்டங்களைப் பார்த்தோம். நம்ம பக்கம் பீலித் தண்ணியும் ஆறும் ஓடைகளும் இருக்கின்றன. இங்கே வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று கிடையாது. குடிக்கிறதும் கிணறு, பாய்ச்சுகிறதும் கிணறு. பிறகு புத்தூர்ப் பக்கம் போய் நிலாவரைக் கிணற்றையும் பார்த்தோம். "இதுக்கு அடியே இல்லையாம்!" என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். அடுத்த நிமிஷம் பஸ் முழுக்க அதையே சொன்னது. போட்டோ எடுத்து, "அடி இல்லாத கிணறு" என்று எழுதி, தோட்டத்துக்கு அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கிணற்றை அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஆழம் 150 அடிக்கு மேலே. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்புத் தண்ணீர். அடி இருக்கிறது! கயிறு இறக்கிப் பார்க்காதவர்களுக்குத்தான் அடி இல்லை.

இது யாருக்கும் கெடுதல் செய்யாத பேச்சு. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாப் பேச்சும் இப்படிப்பட்டதல்ல.

இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் சுன்னாகம் இருக்கிறது. அங்கே ஒரு மின் நிலையம் இருந்தது. அதன் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் கலக்கிறது என்று சுற்றுவட்டார மக்கள் முறையிட்டார்கள். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2015இலும் இது பெரிய பிரச்சினையாகக் கிளம்பியது. தாய்மார்கள் வாளியோடு பவுசருக்குக் காத்து நின்றார்கள். அந்த நேரத்தில் மக்களுக்கு வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. நீர் வழங்கல் சபையின் பரிசோதனையிலே எண்ணெய் இருக்கிறது என்று வந்தது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்ற மாதிரி சொன்னது. கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய் இதிலே எதை நம்புவாள்?

கடைசியில் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீர் மாசுபட்டது உண்மை என்று கண்டு, பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. யார் குரல் பெரிது என்று பார்த்து இந்த முடிவுக்கு வரவில்லை. எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில், யார் தண்ணீர் எடுத்தார்கள், அதில் என்ன இருந்தது என்று அறிக்கைகளை அலசிப் பார்த்துத்தான் வந்தது.

இன்றைக்கு இங்கே ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். அவர் சொன்னார்: "தண்ணி தெளிவாத்தான் கிடக்கும். ஆனால் குடிக்கலாமோ எண்டதைக் கண்ணாலை பாத்துச் சொல்லேலாது." எங்களுக்கு இந்தப் பேச்சுக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

போனில் வருகிற செய்தியும் அப்படித்தான். படம் அழகாக இருக்கும். எழுத்து பளிச்சென்று இருக்கும். அரசாங்க முத்திரை கூட இருக்கும். ஆனால் தெளிவாக இருக்கிறது என்பதற்காக அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

நாங்கள் ஏமாந்த கதை

மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம்.

2024 மே தினத்தன்று, கொட்டகலைக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. அன்று மாலையே ஒரு படம் போனுக்குப் போன் பறந்தது: "1,700 கிடைத்துவிட்டது!" நாங்களும் சந்தோஷத்தில் அதைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அதோடு நிற்காமல் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நின்று வாசித்தும் காட்டினோம்.

பொய்ச் செய்தி என்று யாரும் சொல்ல முடியாது. அறிவித்தது உண்மை; வர்த்தமானி வந்ததும் உண்மை. ஆனால் முடிவாகவில்லை. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு செப்டெம்பரில் சம்பளச் சபை மூலமாக வந்தது 1,350 ரூபாதான்.

அந்த ஜூலையில் ஒரு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, நீங்க போட்டதை நம்பித்தானே நான் ரெண்டாவது சீட்டும் கட்ட ஒத்துக்கிட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "அறிவித்திருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த அக்கா கடன்பட்டிருக்க மாட்டார்.

அதனால்தான் 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தோடு "1,750" என்று மறுபடியும் படம் வந்தபோது, நாங்கள் உடனே போடவில்லை. முதலில் விசாரித்தோம். 1,350ஐ 1,550 ஆக்குவது ஒன்று. வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன 200 ரூபா வேறொன்று. இரண்டும் சேர்ந்துதான் 1,750. வேலைக்கு வராத நாளைக்கு அந்த 200 இல்லை. படத்தில் ஒரு எண்தான் இருந்தது; அதன் பின்னால் இருந்த கணக்கு இல்லை. நமக்குத் தேவையானது அந்தக் கணக்குத்தான்.

நாலு கேள்வி

கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? கூடை நிறைய இருக்கிறது என்று அப்படியே பதிந்துவிடுகிறார்களா? இல்லை. கையை விட்டுக் கிளறிப் பார்க்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, இல்லை முற்றல் இலையும் காம்புமா, தண்ணீர்ப் பாரமா என்று பார்த்துத்தான் எழுதுகிறார்கள். நம்ம கொழுந்தை இவ்வளவு சோதிக்கிறபோது, நம்ம மூளைக்குள் போகிற செய்தியை மட்டும் ஏன் சோதிக்காமல் விடவேண்டும்?

சோதிக்க நாலு கேள்வி போதும்.

முதலாவது, யார் சொன்னது? "அனுப்பியது மாமா" என்பது பதில் இல்லை. மாமாவுக்கு யார் அனுப்பினார்? முதலில் சொன்னவர் யார்? வாட்ஸ்அப்பில் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி வந்தால், அது பல கை மாறி வந்த செய்தி என்று அர்த்தம். பல கை மாறியதால் அது பொய் என்று இல்லை. ஆனால் மாமாவின் பெயரை வைத்து அதை நம்பக்கூடாது. இப்போது ஆளின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரால் உண்டாக்கிவிடுகிறார்கள். தலைவர் பேசுகிற வீடியோ என்றாலும், அவர் எங்கே, எப்போது பேசினார் என்று வேறு இடத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அரசாங்க அறிவித்தல் என்றால், அந்தத் திணைக்களத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். அரசாங்கப் பக்கங்களின் முகவரி பெரும்பாலும் "ஜிஓவி டொட் எல்கே" என்று முடியும். தெரியாவிட்டால் 1919க்கு அழைத்து அரசாங்கத் தகவல் நிலையத்திடம் கேட்கலாம்.

இரண்டாவது, எப்போது சொன்னது? பழைய வெள்ளத்தின் படத்தை இன்றைய வெள்ளம் என்று போடுகிறார்கள். பழைய வேலை விளம்பரத்தைத் தேதியை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். தேதி இல்லாத செய்தியை, தேதி இல்லாத மருந்துப் போத்தல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில், கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், கேகாலைப் பக்கம் ஒருவர் கொரோனாவுக்குப் பாணி மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி பரவியது. கூட்டம் கூடக்கூடாது என்ற நாட்களில் ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கிராமத்தில் போய் நின்றது. அன்றைய சுகாதார அமைச்சரே அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா தொற்றியது. ஆளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பெரிய ஆள் குடித்தார் என்பது மருந்துக்குப் பரிசோதனை ஆகாது என்பதற்காகச் சொல்கிறோம். எத்தனை நோயாளிக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா, பார்த்தது யார்? இதற்குப் பதில் இருந்தால்தான் அது மருந்து.

நாலாவது, நான் நம்பினால் யாருக்கு லாபம்? நம்ம இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். "கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து, மாதம் இத்தனை இலட்சம், விசிட் விசாவில் உடனே போகலாம்" என்று விளம்பரம் வருகிறது. அதை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் சிலர், மியன்மாரில் மியாவடிப் பக்கம் அடைத்து வைக்கப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் ஏமாற்றும் வேலைக்கு அடித்துக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அரசாங்கம் பேசித்தான் பலரை மீட்டெடுத்தது. 2024இல் இந்த வடக்கு மாகாணத்துக் குடும்பங்களே, ஐரோப்பாவுக்கு என்று கூட்டிப்போன பிள்ளைகளை ரஷ்யப் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று கண்ணீரோடு முறையிட்டன. எனவே வெளிநாட்டு வேலை என்று எந்தச் செய்தி வந்தாலும், காசு கொடுக்க முன்னால், பாஸ்போட்டைக் கையில் கொடுக்க முன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அழைத்து இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா? "கேட்டால் சான்ஸ் போயிடும், இன்னைக்கே காசு கட்டணும்" என்று ஒருவன் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே பதில். நல்ல வேலை நாளைக்கும் இருக்கும்.

அனுப்புகிற விரலுக்கும் பாவம் உண்டு

நம்பி ஏமாந்தால் நமக்கு நஷ்டம். நம்பி அனுப்பினால் ஊருக்கு நஷ்டம். 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பிள்ளைப்பேறு இல்லாமல் செய்கிற மாத்திரையைச் சாப்பாட்டில் போட்டார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி! ஆனால் அந்த முடிவு வருவதற்குள் கதை கண்டிக்குப் போய்விட்டது. அங்கே வேறொரு சண்டையில் ஒருவர் இறந்தார். அந்தக் கோபத்தோடு இந்தக் கதையும் சேர்ந்துகொள்ள, மார்ச் மாதம் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது.

கண்டி மாவட்டத்தில் நம்ம சனம் இருக்கிற தோட்டங்கள் எத்தனை! கலவரம் என்றால் என்ன என்று நம்ம அப்பா அம்மாமாருக்குத் தெரியும். 1983இல் லயத்தை விட்டு ஓடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்த நாளில் வதந்தி கால்நடையாக வந்தது. இன்றைக்கு நம்ம விரலில் இருக்கிறது. எந்தச் செய்தி படித்தவுடன் இரத்தத்தைக் கொதிக்க வைக்கிறதோ, அதை அனுப்ப முன்னால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடியுங்கள். ஆறிய பிறகு மறுபடி வாசியுங்கள்.

நல்ல செய்தியை நம்பாமல் விட்டால்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ போனில் வர்றது எல்லாம் பொய்தான்" என்று யாராவது முடிவு பண்ணினால், நாங்கள் பேசியது வீண். அது இன்னும் பெரிய ஆபத்து.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரம் மண் சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குப் போயிருந்தபடியால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. செய்தி உண்மை. சொன்னவர்கள் மண்ணைப் பரிசோதித்தவர்கள். ஆனால் அது லயத்துக்கு வந்து சேர்ந்த விதம் சரியில்லை. போ என்று சொன்னால் போவதற்கு வேறு காணியும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அந்த மக்களை நாங்கள் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம். ஆனால் நமக்குப் பாடம் உண்டு. அன்றைக்கு முதல் நாளில் காணாமல் போனவர்கள் இத்தனை பேர் என்று ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். அதுதான் வேகமாகப் பரவியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன உண்மை மட்டும் பரவாமல் கிடந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு பட்ட பாடு உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதிலே நம்ம சனம் நிறையப் பேர்.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு. சிவப்பு என்றால் வெளியேறு. இதைக் கொடுப்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சிங்களத்தில் வந்தால், தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்ம தோட்டத்தின் பெயர், நம்ம பிரதேச செயலகத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, இதெல்லாம் போனில் வராத செய்தி. அதை நம்ம கண்தான் வாசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும், உறுதிப்படுத்திக்கொள்ள நேரமில்லை என்றால், முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். தப்பாகப் போனால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் நஷ்டம்.

தோட்டத்துக்குப் போய்ச் செய்ய வேண்டியது

இந்தச் சனசமூக நிலையத்து மேசையைப் பாருங்கள். நாலைந்து பத்திரிகை கிடக்கிறது. இங்கே ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் "இந்தப் பேப்பர்ல வேற மாதிரிக் கிடக்கு" என்று சொல்ல, மூன்றாமவர் விவாதிக்க, அப்படித்தான் இந்த ஊர்கள் செய்தியைச் சோதித்துப் பழகின. நம்ம லயத்தில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு மூலையில் இருந்து தனித்தனியாகப் பார்க்கிறோம். தனியாக இருக்கிறவனை ஏமாற்றுவது சுலபம்.

எனவே ஊருக்குப் போனதும் ஒரு சின்ன வேலை செய்வோம். ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுவோம். சம்பளம், சேமலாப நிதி, வீட்டுத் திட்டம், வெளிநாட்டு வேலை, மண்சரிவு, இவற்றைப் பற்றி யாருக்கு எந்தச் செய்தி வந்தாலும் அங்கே எழுதி வையுங்கள். நாங்கள் விசாரித்து, யார் சொன்னது, எந்தத் தேதி, முடிவானதா ஆகாததா என்று பக்கத்திலே எழுதுவோம். எங்களுக்கும் தெரியாவிட்டால் "விசாரிக்கிறோம்" என்று எழுதுவோம். சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஒவ்வொரு லயத்திலிருந்தும் உதவிக்கு வந்தால் போதும். நாங்கள் போட்டது தப்பாகப் போனால், அதையும் அதே பலகையில், அதே பெரிய எழுத்தில் எழுதுவோம். சீட்டுக் கட்டின அந்த அக்காவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு அது.

இந்த ஊர் மக்கள் சுன்னாகத்துக்குப் பிறகு கிணற்றைத் தூர்த்துவிடவில்லை. பரிசோதித்துக் குடிக்கப் பழகினார்கள். நாமும் போனைத் தூக்கி எறிய வேண்டாம். பிள்ளையின் படிப்புக்கும், வெளியூர்ப் பிள்ளையின் முகம் பார்ப்பதற்கும், மழை வருமா என்று தெரிந்துகொள்வதற்கும் அது வேண்டும். இறைக்கிற வாளியை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பார்ப்போம்.

பஸ் நாலு மணிக்கு வெளிக்கிடும் என்று சொல்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், டிரைவர் அண்ணனே சொன்னது!